ஒன்பதாம் அத்தியாயத்துக் குதிரை

பல்லாவரம் ஸ்டேஷன் நடைமேடையில் ஒரு நாள் காலை ஒற்றைச் செருப்பு கிடந்தது. இடது கால், நீல வார், குதிகாலில் தேய்ந்தது. கூடுவாஞ்சேரி பக்கம் போகிற ரயில் வந்து நின்றது. நான் ஏறப் போனேன். என்னோடு வேலை பார்க்கும் மேடம் நகரவில்லை. கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு அந்தச் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“ஒத்தச் செருப்பு சும்மா கிடக்காது சார்” என்றார்.

எனக்கு முதல் மணி நேரமே வகுப்பு. அந்த மாதம் ஏற்கெனவே இரண்டு முறை லேட். ஆனால் அவரை விட்டுவிட்டு நான் மட்டும் ஏறிப் போயிருந்தால், சாயங்காலம் அதற்கும் ஓர் அர்த்தம் சொல்லியிருப்பார். அதைக் கேட்பதற்கு பிரின்சிபாலின் மெமோவே தேவலை என்று நானும் நின்றேன். அடுத்த ரயிலும் வந்து போனது. அப்புறம் மேம்பாலப் படிக்கட்டில் ஒருவர் ஒரு கால் வெறுங்காலோடு இறங்கி வந்தார். ஏறும் அவசரத்தில் செருப்பு கழன்றுவிட்டதாம். குரோம்பேட்டையில் இறங்கி, எதிர் ரயில் பிடித்துத் திரும்பி வந்திருக்கிறார். காலை நுழைத்துக்கொண்டு, “யார்னா எடுத்துகினு போயிருப்பாங்கன்னு நென்ச்சேன்” என்று எங்களிடம் சொல்லிவிட்டுப் போனார்.

மேடத்தின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. பரீட்சையில் முதல் மார்க் வாங்கியவர் மாதிரி என் பக்கம் திரும்பி, “திரும்பி வருதல். நாம நடத்துற நாவலோட தீமே அதுதானே சார்” என்றார். நான் மெமோ வாங்கினேன். அவருக்கும் ஒன்று வந்தது. அவர் அதை இரண்டு முறை படித்துப் பார்த்து, மூன்றாவது வரியில் பிரின்சிபாலின் தனிமை தெரிகிறது என்று என்னிடம் காட்டினார்.

அவர் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால், ஏன் எழுதினீர்கள், இந்த இடத்தில் போட்டதற்கு என்ன காரணம் என்று போன் வரும். எனக்கு அவர் மேடம், அவருக்கு நான் சார். ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருந்த ஒரு தனியார் கலைக் கல்லூரியில் ஆங்கிலத் துறையில் பதினோரு வருஷம் பக்கத்துப் பக்கத்து மேஜை. அனகாபுத்தூரிலிருந்து அவர் ஏறி வரும் ஷேர் ஆட்டோவில் நான் பம்மலில் ஏறுவேன். என் வீடு பொழிச்சலூரில். பல்லாவரம் வரை ஆட்டோ, அப்புறம் ரயில். போக வர இரண்டு மணி நேரம் அவரோடு உட்கார்ந்திருந்தவன் என்ற முறையில் இதையெல்லாம் சொல்லும் தகுதி எனக்கு உண்டு.

நாங்கள் நடத்தியது அமெரிக்க இலக்கியம். கடைசி செமஸ்டரில் ஒரு நாவல். எழுதியவர் செத்துப் பல காலம் ஆகிறது. அவர் பெயரையும் விட்டுவிடுகிறேன், அந்த மனிதர் மேல் எந்தத் தப்பும் இல்லை. கதை இதுதான்: ஒரு பண்ணை வீடு, ஓர் அப்பா, இரண்டு மகன்கள், ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை. அந்த ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கே ஐம்பது பக்கம் ஆகும். மூத்தவன் வீட்டை விட்டுப் போகிறானா, திரும்பி வந்துவிட்டானா என்பது கடைசி வரை தெரியாது. யாரும் யாரோடும் நேராகப் பேச மாட்டார்கள். பேசுவது மாதிரி இருக்கும் பக்கங்களெல்லாம் மனசுக்குள் நினைத்தவை. அதற்கு நவீனத்துவம் என்று பெயர். பிள்ளைகளுக்கு அது புரியாது. எனக்கும் ரொம்பப் புரிந்தது என்று சொல்ல மாட்டேன். மேடத்துக்கு அது வேதப்புத்தகத்துக்கு அடுத்த இடத்தில் இருந்தது.

எழுத்தாளன் ஒரு கதவைத் திறந்து வைத்தால் அது திறந்த கதவு இல்லை என்பார். அதோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை, எல்லா வாத்தியார்களும் சொல்வதுதான். இவர் கல்லூரிக் கதவு, வீட்டுக் கதவு, ஆட்டோவில் சாத்தாத கதவு என்று எல்லாவற்றுக்கும் அதே விதியைப் போட்டார். அவருடைய கணவர் பாங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், ரொம்ப சாதுவான மனிதர். வெண்டைக்காய் வாங்கி வரச் சொல்லி அவர் கத்தரிக்காய் வாங்கி வந்துவிட்டால், அன்று முழுக்க வீட்டில் அது பற்றிய ஆராய்ச்சிதான். ஒரு முறை அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தபோது, மேடம் காபி போட உள்ளே போன சமயம் பார்த்து அவர் என் காதருகே குனிந்து, “சார், கல்யாணம் ஆனதுலேர்ந்து நான் எதையும் சொல்ல வரல சார்” என்றார். அந்த மனிதர் மேல் எனக்கு அப்படி ஒரு பரிதாபம் வந்தது.

சர்ச்சிலும் இதே கதைதான். ஒரு ஞாயிறு பிரசங்கத்தின் நடுவில் மைக் நின்றுவிட்டது. பாஸ்டர் இரண்டு நிமிஷம் வாயை அசைத்துக்கொண்டிருந்தார், அப்புறம் மைக் வந்தது. ஆராதனை முடிந்ததும் மேடம் நேராக அவரிடம் போய், இன்றைக்குப் பிரசங்கத்திலேயே ஆழமான பகுதி அந்த இரண்டு நிமிஷம்தான் என்று மனசாரப் பாராட்டியிருக்கிறார். அதற்குப் பிறகு இவரைக் கண்டால் பாஸ்டர் பக்கவாட்டு வாசல் வழியாகப் போய்விடுகிறாராம். பக்கவாட்டு வாசலை அவர் ஏன் தேர்ந்தெடுத்தார் என்பதைப் பற்றி நான் தாம்பரம் வரும்வரை கேட்டேன்.

எங்கள் ஆசிரியர் அறை கூரையில் ஒழுகல் ஒன்று இருந்தது. கீழே ஒரு நீல பக்கெட். அந்த பக்கெட் நிரம்புவதும் காலி ஆவதும் நம் துறையின் நிலைமையைச் சொல்கிறது என்று மேடம் நம்பியதால் அதை யாரும் நகர்த்தக் கூடாது. கடைசியில் நிர்வாகம் ஒரு பிளம்பரை அனுப்பியது. அவர் ஏணி போட்டு ஏறி ஒரு மணி நேரம் வேலை பார்த்தார். கீழே நின்று மேடம் ஒரு மணி நேரமும் விளக்கினார். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு இறங்கி வந்து, “ஓட்ட கீதும்மா. அடச்சா நின்னுடும். இதுல இன்னா அர்த்தம் வோணும் உனுக்கு?” என்றார். மேடம் கோபப்படவில்லை. பிளம்பர் நல்ல வாசகர், அர்த்தத்தின் முதல் அடுக்கிலேயே நின்றுவிட்டார் என்று அன்று முழுக்க வருத்தப்பட்டுக்கொண்டிருந்தார்.

சரி, பைத்தியம் என்று ஒதுக்கிவிடலாம் என்று பார்த்தால் அதுவும் முடியாது. எங்கள் வாட்ச்மேன் எப்போதும் ரோட்டைப் பார்த்து நாற்காலி போட்டு உட்காருவார். ஒரு வாரம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். நாங்கள் எல்லாரும் தினம் இரண்டு வேளை அவரைத் தாண்டித்தான் போனோம், யார் கண்ணிலும் படவில்லை. மேடம் மட்டும் நாற்காலி திரும்பியிருக்கிறது என்றார். வெயிலுக்காக இருக்கும் என்றேன். இல்லை என்று போய்க் கேட்டார். வாட்ச்மேனின் மகன் லாரி மோதி ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். லீவு கேட்டால் வேலை போய்விடும் என்று பயந்து, அழுவது தெரியாமல் இருக்கச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். மேடம் பிரின்சிபால் அறைக்குள் போய்ச் சண்டை போட்டு அன்றைக்கே அவரை அனுப்பி வைத்தார். நூறு தடவை தப்பாகச் சொல்கிறவர் அந்த ஒரு தடவை சரியாகச் சொன்னார். அதனால்தான் மற்ற தொண்ணூற்றொன்பதையும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இனி குதிரை. இதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன், சுற்றி வளைத்துக்கொண்டிருக்கிறேன்.

தாம்பரம் மார்க்கெட் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை மாடியில் ஒருவர் கைடு போடுவார். எல்லாப் பாடத்துக்கும் போடுவார், எதையும் படிக்க மாட்டார். எங்கள் நாவலுக்கும் ஒரு கைடு வேண்டும் என்று வந்தார். மேடம் ‘குறியீடுகளும் கருப்பொருள்களும்’ எழுதுவது, நான் ‘அத்தியாயச் சுருக்கம்’ எழுதுவது என்று ஏற்பாடு. திங்கட்கிழமைக்குள் வேண்டும் என்றார். என் பெண் அப்போது கைக்குழந்தை. வீட்டில் யாருக்கும் தூக்கம் கிடையாது. இதெல்லாம் காரணம் என்று சொல்ல வரவில்லை, இருந்தது என்று சொல்கிறேன். எட்டாம் அத்தியாயத்தோடு நான் நாவலை மூடிவிட்டேன். கடைசி அத்தியாயமான ஒன்பதாவதுக்கு ஒரு பத்தி வேண்டும். பண்ணை இருக்கிறது, வேலி இருக்கிறது, அமெரிக்கா வேறு. ‘அத்தியாயத்தின் முடிவில் மழையில் நொண்டிக் குதிரை ஒன்று வேலியோரம் நிற்கிறது’ என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

நாலு நாள் கழித்து, என் சுருக்கத்தைப் படித்துவிட்டு மேடம் போன் செய்தார். இத்தனை முறை படித்தும் அந்தக் குதிரையைத் தான் கவனிக்கவே இல்லை, நீங்கள் ஒரே பார்வையில் பிடித்துவிட்டீர்களே சார் என்றார். மேடம், அது வந்து, என்று ஆரம்பித்தேன். அதற்குள் அவர், “நேத்து திரும்பவும் எடுத்துப் படிச்சேன் சார். அங்கதான் நிக்குது. முதுகுல மழைத்தண்ணி வழியுது. அப்படியே அழுதுட்டேன்” என்றார்.

இல்லாத குதிரையைப் புத்தகத்தைத் திறந்துவைத்துக்கொண்டு பார்த்து அழுத ஒருவரிடம் என்ன சொல்ல முடியும்? நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டேன். மறுநாள் அவர் குதிரையைப் பற்றி ஏழு பக்கம் எழுதி முடித்திருந்தார். நொண்டும் கால் என்பது சொல்ல முடியாத அன்பு, வேலி என்பது அப்பா, மழை என்பது மன்னிப்பு. படித்துப் பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நாவலைப் பற்றி அவ்வளவு நல்லதாக நான் எதையும் படித்ததில்லை.

கைடு அச்சாகி வந்தது. நாவல் கடைகளில் கிடைக்காது. கிடைத்த நகலும் மங்கல். ஆகவே எல்லாரும் கைடைத்தான் படித்தார்கள், பிள்ளைகளும் சரி, நடத்துகிறவர்களும் சரி. அடுத்த வருஷமே குதிரை பத்து மார்க் கேள்வியாகிவிட்டது. அதற்கடுத்த வருஷம் வேறு ஒரு கைடில் அது வெள்ளைக் குதிரை ஆனது. ஒரு கருத்தரங்கில் அந்தக் குதிரைக்கு வயது என்ன இருக்கும் என்று இரண்டு பேராசிரியர்கள் சாப்பாட்டு நேரம் தாண்டியும் வாதாடினார்கள். ஒரு பையன் அதன் மேல் ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டமே வாங்கிவிட்டான். ஒவ்வொரு வருஷமும், யாராவது ஒருவர் நாவலைப் படித்துவிட்டால் தீர்ந்தோம் என்று பயந்துகொண்டிருந்தேன். நம் பல்கலைக்கழகத்தின் மேல் நம்பிக்கை வைத்திருக்கலாம். பத்து வருஷம் ஒருவரும் படிக்கவில்லை.

அந்தப் பத்தாவது வருஷம் மதிப்பீட்டு முகாம் நடந்தது. பல கல்லூரி விடைத்தாள்களையும் ஓரிடத்தில் கொண்டுவந்து, பேரை மறைத்து எண் போட்டு, கட்டுக் கட்டாக எங்களுக்குக் கொடுப்பார்கள். இந்தப் பாடத்துக்குத் தலைமைத் தேர்வாளர் மேடம். என்னென்ன எழுதினால் எத்தனை மார்க் என்ற ‘கீ’ அவர் தயாரித்தது. நான் மூன்றாவது கட்டைத் திருத்திக்கொண்டிருந்தேன். மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு கண் சொருகும் நேரம். ஒரு தாளில் பத்து மார்க் கேள்விக்கு முதல் வரி இப்படி இருந்தது: ‘இந்த நாவலில் குதிரை இல்லை.’

சுற்றுமுற்றும் பார்த்தேன். எல்லாரும் குனிந்து திருத்திக்கொண்டிருந்தார்கள். ‘கீ’யில் குதிரை இருக்கிறது, விடையில் குதிரை இல்லை. முட்டை போட்டேன். போட்டுவிட்டு அந்தத் தாளைக் கட்டின் அடியில் செருகினேன்.

முடிவு வந்த மறு வாரம் ரம்யா எங்கள் ஆசிரியர் அறைக்கு வந்தாள். ஊரப்பாக்கத்துப் பெண், எங்கள் மாணவிதான், வகுப்பில் வாய் திறந்து பார்த்ததில்லை. எல்லாத் தாளிலும் தேறியவள் இதில் மட்டும் நாலு மார்க்கில் பெயிலாகியிருந்தாள். ஒரு கம்பெனியில் வேலை கிடைத்திருந்தது. மாதக் கடைசிக்குள் தேறிய சான்றிதழைக் காட்டாவிட்டால் அந்த இடம் வேறு ஆளுக்கு. மறுமதிப்பீட்டுக்கு விடைத்தாளின் நகலை வாங்கி, பாட ஆசிரியர் ஒருவர் ‘மார்க் ஏறும்’ என்று கையெழுத்துப் போட்டால்தான் விண்ணப்பிக்க முடியும். அந்தக் கையெழுத்துக்கு வெள்ளிக்கிழமை கடைசி நாள். மேடத்தின் மேஜையில் நகலை வைத்தாள். பக்கத்தில் நாவலையும் வைத்தாள், போனில் இறக்கி பிரிண்ட் போட்டது, ஸ்பைரல் பைண்டிங்.

“ரெண்டு வாட்டி படிச்சேன் மேடம். குதிரை இல்ல மேடம்” என்றாள்.

மேடம் சிரித்தார். உட்காரும்மா, நானே காட்டுகிறேன் என்று ஒன்பதாம் அத்தியாயத்தைப் பிரித்தார். படித்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார். எட்டாம் அத்தியாயத்தைப் பார்த்தார், ஏழாவதைப் பார்த்தார். பிறகு முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தார். மணி அடித்தது, வகுப்புக்குப் போகவில்லை. இன்னொரு மணி அடித்தது. துறையே அவரைச் சுற்றி நின்றது. பக்கங்கள் புரளும் சத்தமும் மின்விசிறிச் சத்தமும்தான். ஒரு இடத்தில் தலை நிமிர்ந்து, “நாய் ஒண்ணு இருக்கு. ஆனா அது நல்லாத்தான் நடக்குது” என்றார். ஒருவரும் சிரிக்கவில்லை.

நான் என் மேஜையில் உட்கார்ந்து வருகைப் பதிவேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுந்து வாயைத் திறக்க எனக்கு முழுசாக இரண்டு மணி நேரம் இருந்தது. திறக்கவில்லை.

நாவல் முடிந்தது. மேடம் அதை மூடிவைத்துவிட்டு ரம்யாவின் விடைத்தாள் நகலை எடுத்தார். முதல் பக்கம், அடுத்த பக்கம், அதற்கடுத்தது என்று நிதானமாகப் படித்தார். நாளைக்கு வாம்மா, கையெழுத்து வாங்கிக்கொள்ளலாம் என்று அவளை அனுப்பினார்.

சாயங்கால ரயிலில் எங்களுக்கு ஜன்னலோர இடம் கிடைத்தது. வண்டலூர் தாண்டியதும் நான் சொல்லிவிட்டேன். எட்டாம் அத்தியாயத்தோடு மூடியது, ஒன்பதாவதுக்கு நானாக எழுதியது, அன்று போனில் சொல்ல வந்து சொல்லாமல் விட்டது. சொல்லி முடித்து அவர் முகத்தைப் பார்க்கப் பயந்து என் சாப்பாட்டுப் பையைப் பார்த்தேன். பெருங்களத்தூர் போனது, தாம்பரம் போனது. தாம்பரத்தில் பாதிக் கூட்டம் இறங்கி வேறு பாதி ஏறியது. சானடோரியத்தில்தான் பேசினார்.

“அப்போ நான் எதைப் பார்த்து அழுதேன் சார்?”

எனக்கு எங்கேயாவது போய் விழலாம் போலிருந்தது. தெரியவில்லை மேடம் என்றேன்.

குரோம்பேட்டை வந்ததும், ஏன் குதிரை, மாடு போட்டிருக்கலாமே என்று கேட்டார். கோபத்தில் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். அமெரிக்கா என்றதும் குதிரைதான் தோன்றியது என்றேன். அவர் தலையாட்டினார். அதில் எந்த அர்த்தமும் எடுக்கவில்லை. பதினோரு வருஷத்தில் அவர் ஒன்றை அப்படியே விட்டது அன்றுதான்.

நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேனா என்றால், இல்லை. அந்த முட்டை நான் போட்டது என்பதைச் சொல்லவில்லை. அதற்குள் பல்லாவரம் வந்துவிட்டது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மேடம் மறுநாள் கையெழுத்துப் போட்டார். அதோடு விடவில்லை. குதிரை இல்லை, கேள்வி தவறு, ‘கீ’ தவறு, ஆகவே அந்தப் பெண்ணுக்கு மார்க் தர வேண்டும் என்று பாடக் குழுவுக்கு ஒரு கடிதமும் எழுதினார். கடிதம் போன வேகத்தில் கூட்டம் போட்டார்கள். ஐந்து பேராசிரியர்கள், ஒரு தலைவர், ஆளுக்கு இரண்டு சமோசா. கைடின் இன்னொரு ஆசிரியர் என்று என்னையும் கூப்பிட்டு ஓரத்தில் உட்கார வைத்தார்கள்.

இப்படி ஒரு கூட்டத்தை நான் பார்த்ததில்லை. ஒருவர், ‘கீ’யைக் குழு அங்கீகரித்துவிட்டது, ஆகவே குதிரை இருக்கிறது என்றார். இன்னொருவர், குதிரை இல்லாமல் இருப்பதுதான் குதிரையின் உண்மையான குறியீடு, இதை நவீனத்துவம் தெரிந்தவர்கள் புரிந்துகொள்வார்கள் என்றார். மூன்றாமவர்தான் பாவம், குதிரை ஆராய்ச்சிப் பையனின் வழிகாட்டி. பட்டம் கொடுத்தாயிற்று, பையனுக்குக் கல்யாணமும் ஆயிற்று, இப்போது குதிரை இல்லை என்றால் பெண் வீட்டுக்கு என்ன பதில் சொல்வது என்று கேட்டார். நாவலை நாம் பாடமாக வைத்தோமே தவிர, படிக்கச் சொல்லி எங்கேயும் விதி இல்லையே என்றார் நாலாவது ஆள். ஐந்தாமவர் சமோசா நன்றாக இருக்கிறது என்றார்.

மேடம் எழுந்து நின்றார். இவ்வளவு நாள் பழகியதில் அவர் இவ்வளவு சுருக்கமாகப் பேசி நான் கேட்டதில்லை. “அந்தப் பொண்ணு புக்கைப் படிச்சிருக்கா. நாம படிக்கல. அவ்வளவுதான் சார் விஷயம்” என்றார்.

தலைவர் சமோசாத் தட்டை நகர்த்திவிட்டு ஒரு முடிவு சொன்னார். குதிரையைப் பற்றி எழுதியவர்களுக்கும் மார்க், குதிரை இல்லை என்று எழுதியவருக்கும் மார்க். ரம்யாவுக்கு எட்டு. அவள் தேறிவிட்டாள். ஆனால் இது நடந்ததற்குப் பொறுப்பு என்று குறிப்பேட்டில் ஒரு பெயர் எழுதியாக வேண்டும். குதிரையைக் கொண்டுவந்தது யார் என்று கேட்டார்.

நான் எழுந்திருக்க வேண்டும். வீட்டுக் கடன், பெண்ணின் ஸ்கூல், இன்னும் நிரந்தரம் ஆகாத வேலை, எல்லாம் வரிசையாக வந்து நின்றன.

“நான்தான்” என்றார் மேடம்.

தலைவர் என் பக்கம் திரும்பினார். சார், நீங்களும் அந்த கைடில் இருக்கிறீர்கள், உங்களுக்கு இது தெரியுமா என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் மேடமே, “சார் என்னை நம்பிப் போட்டுட்டார்” என்றார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் தலையாட்டினேன்.

ஆமாம், ஆட்டினேன். அன்றிலிருந்து இன்றுவரை அந்த ஒரு தலையாட்டலை நினைத்தால் கழுத்து வலிக்கிறது.

மேடத்தைத் தலைமைத் தேர்வாளர் பொறுப்பிலிருந்து நீக்கினார்கள். இனி கேள்வித்தாள் எடுக்கக் கூடாது, விடைத்தாளைத் தொடக் கூடாது. கல்லூரியில் யாரும் நேராக ஒன்றும் சொல்லவில்லை. குதிரை மேடம் என்று முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். ஓய்வுக்கு இரண்டு வருஷம் பாக்கி இருக்கும்போதே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டில் இருந்துவிட்டார். நான் போய்ப் பார்க்கவில்லை. பம்மலில் ஷேர் ஆட்டோ வந்தால், அவர் இருக்க மாட்டார் என்று தெரிந்தும், உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஏறுவேன்.

அடுத்த செமஸ்டருக்குத் தலைமைத் தேர்வாளர் யார் என்று ஆர்டர் வந்தது. நான். பிரித்துப் படித்துவிட்டு ஒரு நாள் முழுக்க வைத்திருந்தேன். அவருக்குச் சொல்லாமல் போவது நன்றாக இல்லை என்று தோன்றி, முகாமுக்கு முந்தின நாள் சாயங்காலம் போன் செய்தேன். உடனே எடுத்தார். சந்தோஷம் சார் என்றார், சந்தோஷமாகவே சொன்னார். ரம்யா வேலையில் சேர்ந்துவிட்டாள், போன வாரம் வீட்டுக்கு வந்து அவரிடம் வேறு நாவல்கள் இரவல் வாங்கிப் போனாள் என்றார். அவள் அன்று முதல் வரிக்கு அப்புறம் மூன்று பக்கம் எழுதியிருந்தாளாம். ஒன்பதாம் அத்தியாயத்தில் குதிரை இல்லை, ஆனால் மகன் சாப்பிட்ட தட்டை அந்த அப்பா மறுபடி மறுபடி கழுவுகிறார், அதைப் பற்றி. எனக்கு அது தெரியாது. நான் அந்தப் பக்கத்தைப் பார்த்ததே இல்லை.

ஏதாவது யோசனை சொல்லுங்கள் மேடம், முதல் தடவை சீஃப் ஆகப் போகிறேன் என்று கேட்டேன்.

“மத்தவங்ககிட்ட, பக்கத்தைத் திருப்பிப் பார்த்துட்டு மார்க் போடச் சொல்லுங்க சார்” என்றார். “அந்தப் பொண்ணு பேப்பர்ல நீங்க திருப்பல.”

என் காதில் போன் சுட்டது. எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டேன்.

“அவ என் டேபிள்ல வச்ச அன்னிக்கே. முட்டைக்கு வால் போடுறவர் நம்ம டிபார்ட்மெண்ட்ல நீங்க ஒருத்தர்தான் சார். சாயங்காலம் ரயில்ல நீங்களே சொல்லுவீங்கன்னு பார்த்தேன். பாதி சொன்னீங்க.”

அவர் திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். சரி மேடம் என்றேன். மறுநாள் காலை முகாமுக்குப் போய், அவர் உட்கார்ந்த நாற்காலியில் உட்கார்ந்தேன்.